சேர்க்கைக்கு முன்: நீலகிரியில் பிள்ளைக்குப் பள்ளி தேடும் பெற்றோருக்கு

தமிழில் 'சேர்க்கை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பள்ளியில் பெயர் பதிவதும் சேர்க்கைதான்; பிள்ளை யாரோடு பழகுகிறது என்பதும் சேர்க்கைதான். நீலகிரியில் ஏப்ரல், மே மாதங்களில் பெற்றோர் கூடும் இடங்களிலெல்லாம், தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் பேருந்து நிறுத்தத்திலும், இந்த இரண்டு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதைக் கேட்கலாம். "அந்த ஸ்கூல்ல சேர்க்கை சரியில்ல" என்று ஒருவர் சொன்னால், அவர் மாணவர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசவில்லை. அங்கே படிப்பவை எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதைச் சொல்கிறார். கேட்பவருக்கும் அது புரிந்துவிடுகிறது. சாதிப் பெயர் எதுவும் வாயில் வராமலேயே ஒரு பள்ளிக்கு மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறோம்.

எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று நான் இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. நமக்கு இருக்கும் பயத்தில் எவ்வளவு படிப்பைப் பற்றியது, எவ்வளவு சாதியையும் வசதியையும் பற்றியது என்று பிரித்துப் பார்த்து, அதன் பிறகு முடிவெடுப்பதற்கான வழியை மட்டும் சொல்கிறேன். நான் பந்தலூர் வட்டத்தில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, தாயகம் திரும்பியோருக்காக அரசு உண்டாக்கிய டான்டீ தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என் பெற்றோர். என் மகளுக்குப் பள்ளி தேடியபோது நான் நினைத்த தவறான நினைப்புகளும் இதில் வரும், ஏனென்றால் அவற்றை விட்டுவிட்டு இதை எழுத முடியாது.

பயத்தைத் தாளில் இறக்குங்கள்

எந்தப் பள்ளியின் படியையும் மிதிக்கும் முன், வீட்டில் முடிவெடுக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் ஏன் சேர்க்கக் கூடாது என்று நினைக்கிறோம் என்பதை எழுத வேண்டும். கணவன் மனைவி மட்டும் போதாது. மாமியாரின் சொல்லுக்கு எடை இருக்கும் வீடானால் அவரையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். வார்த்தையைத் திருத்தாதீர்கள். வாயில் வருவது அப்படியே தாளில் வர வேண்டும், ஏனென்றால் திருத்தும்போதுதான் உள்ளிருக்கும் காரணம் மறைந்து, நான்கு பேர் முன்னால் சொல்லத் தகுந்த காரணம் மேலே வருகிறது.

என் தாளில் ஐந்து வரிகள் இருந்தன. இங்கிலீஷ் வராது. டீச்சர் ஒழுங்காக வரமாட்டார். பாத்ரூம் சரியில்லை. பேச்சு கெட்டுப்போகும். பிள்ளைகள் மேல் வாடை அடிக்கும். முதல் மூன்றும் நேரில் போய்ப் பார்த்தால் உண்டு, இல்லை என்று தெரிந்துவிடக் கூடியவை. கடைசி இரண்டும் அப்படியல்ல. அந்தப் பள்ளியில் பாதிப் பேர் பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடிகளின் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள். 'பேச்சு' என்று நான் எழுதியது அவர்களைத்தான். தண்ணீர்க் குழாயடியில் 'சிலோன்காரி' என்று பெயர் சொல்லாமல் அழைக்கப்பட்டவர் என் அம்மா. அவருடைய மகள் நான் இந்த வரியை எழுதியிருந்தேன்.

வாடை என்ற ஐந்தாவது வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அரசு ஸ்வெட்டர் தருகிறது. பெரும்பாலான வீடுகளில் ஒரு பிள்ளைக்கு அது ஒன்றுதான் இருக்கும். பந்தலூர்ப் பக்கம் ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் வரை மழை விடுவதில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் மாறாது. மாலையில் பிள்ளை நனைந்து, சேறு பட்டு வரும், அம்மா ஸ்வெட்டரைத் துவைப்பார், காலையில் அதையே போட வேண்டும். ஆகவே இரவில் விறகடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் அதைத் தொங்கவிடுவார்கள். விடிவதற்குள் காய்ந்துவிடும், ஆனால் நூலுக்குள் புகை ஏறியிருக்கும். அந்தப் பிள்ளை வகுப்பில் பக்கத்தில் வந்து உட்காரும்போது வருவது அந்தப் புகையின் வாடை. துவைக்காத ஸ்வெட்டரை யாரும் இரவெல்லாம் அடுப்புக்கு மேல் காயப் போட மாட்டார்கள் என்பது எனக்குத் தாளில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் அம்மாவும் அப்படித்தான் எங்கள் ஸ்வெட்டர்களைக் காயவைத்தார். காஸ் அடுப்பும் இரண்டாவது ஸ்வெட்டரும் வந்த பிறகு அந்த வாடையை நான் மறந்தேன், பிறகு அதற்கு அழுக்கு என்று பெயர் வைத்தேன்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியதா, அல்லது ஆட்களைப் பற்றியதா? 'ஆட்களைப் பற்றியது' என்று குறித்த வரிகளுக்கு எதிரே, யாரை மனத்தில் வைத்து எழுதினீர்கள் என்பதையும் எழுதுங்கள். இது உங்கள் வீட்டுத் தாள்; வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

இந்தப் பயம் இங்கே எப்படி வந்தது

இந்த மலையில் பள்ளிக்கூடம் என்பது தொடக்கத்திலிருந்தே ஆள் பார்த்துக் கட்டப்பட்டது. லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858இல் பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. வெயில் தாங்காத வெள்ளையர் மலை ஏறினார்கள், அவர்களுடைய பிள்ளைகளுக்கான பள்ளிகளும் கூடவே ஏறின. இங்கே மட்டுமல்ல, பழனி மலையில் கொடைக்கானலிலும் 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று பள்ளி வந்தது. நாட்டு மக்களுக்கான பள்ளிகள் வேறு வரிசையில் வந்தன. 1840களில் கேத்தியில் பாசல் மிஷன் படுகர் பிள்ளைகளிடையே தொடங்கிய வேலை அவற்றில் பழையது. விடுதலைக்குப் பிறகு தோலின் நிறம் பார்ப்பது போய்விட்டது, கட்டணம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதனால்தான் 'பப்ளிக் ஸ்கூல்' என்ற பெயர்ப்பலகை மலையில் எங்கே தெரிந்தாலும், அது பொதுமக்கள் நுழைய முடியாத பள்ளி என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. பொது என்று பொருள்படும் சொல்லே இங்கே புரண்டு கிடக்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும், எந்தச் சாதி, எந்த வருமானமானாலும், ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப் பள்ளி முறை வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966இலேயே பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

மக்கள்தொகையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரியில் ஏழு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் பேர். அவர்களில் ஏறத்தாழ 32 சதவீதம் பட்டியல் சாதியினர், மாநில அளவில் இது 20 சதவீதம்தான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய, மிகவும் நலிந்த பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகங்களும் இந்த மாவட்டத்தில் வாழ்கின்றன. இவர்களோடு படுகர், தாயகம் திரும்பியோர், கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், எல்லையில் மலையாளம் பேசுவோர், கன்னடம் பேசுவோர். இத்தனை பேரும் ஒரே சாலையில்தான் போகிறோம், ஒரே மருத்துவமனையில்தான் படுக்கிறோம். பிள்ளைகளை மட்டும் தனித்தனி வண்டிகளில் ஏற்றி அனுப்புகிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அமெரிக்காவில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனித்தனி அரசுப் பள்ளிகள் நடத்துவது சட்டத்துக்கு எதிரானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் பிரவுன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு நகரங்களில் இருந்த வெள்ளையர் பெருமளவில் புறநகர்களுக்கு வீடு மாறினார்கள். 1974இல் பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் கலப்புப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது அந்தப் பேருந்துகள் மீது கல் விழுந்தது. அதே ஆண்டு, பள்ளி மாவட்ட எல்லைகளைத் தாண்டிப் பிள்ளைகளைக் கலக்கும்படி பொதுவாகக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. அங்கே பள்ளியின் வருமானத்தில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் வீட்டு வரியிலிருந்து வருவதால், நல்ல பள்ளி உள்ள இடம் என்றாலே விலை கூடிய வீடு, விலை கூடிய வீடு என்றாலே வெள்ளையர் வீடு என்று ஆகிவிட்டது. இன்று அங்கே பெற்றோர் 'கறுப்பர்' என்று சொல்வதில்லை, 'நல்ல பள்ளி' என்று சொல்கிறார்கள். நாம் 'சேர்க்கை' என்று சொல்கிறோம்.

சொல்லைக் கேள்வியாக மாற்றுங்கள்

நாம் பயன்படுத்தும் பொத்தாம் பொதுவான சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, பள்ளியில் போய்க் கேட்கக் கூடிய கேள்வியாக மாற்ற வேண்டும். கேள்வியாக மாறாத சொல் எதுவோ, அதற்குள்தான் சாதி ஒளிந்திருக்கிறது என்பது என் அனுபவம்.

'தரம்' என்ற சொல்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளை தான் முன்பு பார்க்காத ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்லுமா, கடன் வாங்கிக் கழிக்குமா என்ற கேள்வியாக மாற்றலாம். 2022 முதல் அரசுத் தொடக்க வகுப்புகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பாடமே நடக்கவில்லை என்று பெற்றோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த அறையில் எத்தனை பேர் எந்த நிலையில் இருக்கிறார்கள், ஆறு மாதத்துக்கு முன் எந்த நிலையில் இருந்தார்கள் என்று கேட்டால், ஆசிரியர் பதில் சொல்லும் விதத்திலேயே பள்ளியின் நிலை தெரியும்.

'இங்கிலீஷ்' என்பதற்கு, ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா, ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர் யார், வாரத்தில் எத்தனை வேளை பிள்ளை வாய் திறந்து ஆங்கிலம் பேசுகிறது என்று கேட்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆங்கில வழி என்று எழுதியிருப்பதாலேயே ஆங்கிலம் வந்துவிடாது என்பது தனியார் பள்ளிக்கும் பொருந்தும். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையிடம் பேருந்தில் எதிரே உள்ள பலகையைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

'பேச்சு' என்ற சொல்தான் கடினம். கெட்ட வார்த்தை பேசுவார்கள் என்பதுதான் பயமென்றால், வகுப்பில் ஒரு பிள்ளை கெட்ட வார்த்தை பேசினால் என்ன செய்வீர்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அதே கேள்வியைத் தனியார் பள்ளியிலும் கேளுங்கள், வேன்களில் பிள்ளைகள் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஓட்டுநரிடமும் விசாரியுங்கள். பணியர் மொழியோ காட்டுநாயக்கர் மொழியோ பிள்ளையின் காதில் விழும் என்பதுதான் பயமென்றால், அதைக் கேள்வியாக மாற்ற முடியாது. ஆறு வயதில் பிள்ளைக்கு இன்னொரு மொழி காதில் விழுவதால் கெடுவது ஒன்றுமில்லை. கூடலூர்ச் சந்தையில் நான்கு மொழி பேசிக் கடை நடத்துபவரை நாம் கெட்டிக்காரர் என்கிறோம். இதில் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கு முதல் வகுப்பில் எப்படிக் கற்பிக்கிறீர்கள்? பணியர் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை அதன் மொழியிலேயே பேசிப் பாடத்துக்கு இழுத்து வரும் ஆசிரியர், உங்கள் பிள்ளை தடுமாறும் இடத்திலும் நின்று கவனிப்பார்.

போய்ப் பார்க்கும் நாள்

ஒரு முறை போதாது. காலை உணவு நேரத்தில் ஒரு முறையும், மழை நாளில் பிற்பகல் ஒரு முறையும் போங்கள். முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு போவது மரியாதை; வேவு பார்ப்பதுபோல் போக வேண்டியதில்லை.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நான் பார்க்கப் போன அன்று ரவா உப்புமா, சாம்பார். பிள்ளைகள் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த சிறுமி ஒருத்தி, தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைக் கையால் மூடிவைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, தம்பி இன்னும் வரவில்லை என்றாள். சமையல் செய்யும் அம்மா அதைக் கேட்டு, "நீ தின்னும்மா, அவனுக்கு நான் எடுத்து வெச்சிருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள். ஒரு பள்ளியைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதில் பெரும்பங்கு அந்தத் தாழ்வாரத்தில் தெரிந்துவிட்டது.

உணவு நேரத்தில் பார்க்க வேண்டியது, யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பது. குடியிருப்பு வாரியாகப் பிரிந்து உட்காருகிறார்களா, யாராவது தனியாக உட்காருகிறார்களா, சமைப்பவரின் சாதியைப் பார்த்து எந்தப் பிள்ளையாவது சாப்பிடாமல் இருக்கிறதா? தமிழ்நாட்டில் அப்படிப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர் இருந்திருக்கிறார்கள். வகுப்பறையில் இருக்கை முறையையும் கவனியுங்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்காரவைக்க வேண்டும், சாதியைக் காட்டும் கயிறு முதலியவற்றைத் தடுக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. பழங்குடிப் பிள்ளைகள் எல்லோரும் கடைசி வரிசையில் இருந்தால், அதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். முன் வரிசையில் தம் பிள்ளைக்கு இடம் கேட்கும் பெற்றோர் பலர், பின் வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர் சிலர்.

கழிப்பறையைக் கதவு திறந்து பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்பது பெண் பிள்ளைகளுக்கு எந்தப் பாடத்தையும்விட முக்கியம். கூரை எங்கே ஒழுகுகிறது என்பதற்குத்தான் மழை நாளில் போகச் சொன்னேன்.

ஆசிரியர்களிடம், உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது என்று மடக்குவதற்காகக் கேட்காதீர்கள். அரசு ஊழியர்கள் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கவைக்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இல் உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் அவர்களுக்கும் நமக்கு இருக்கும் அதே பயம்தான் இருக்கிறது. அவமானப்படுத்தினால் பேச்சு நின்றுவிடும்.

வேண்டாம் என்று சொல்ல நியாயமான காரணங்கள்

அரசுப் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். மலையில் குறைகள் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்புகளையும் இருவர் பார்க்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் மற்றவர் தனி. கீழ்நாட்டிலிருந்து பணி நியமனம் பெற்று வரும் ஆசிரியர்கள் குளிரும் தூரமும் தாங்காமல் மாறுதல் வாங்கிப் போய்விடுவதும், அந்த இடம் காலியாகக் கிடப்பதும் நாம் அறிந்ததே. பள்ளிக்குப் போகும் வழியில் யானை நடமாட்டம் இருந்தால், நடுநிலைப் பள்ளி காட்டுக்கு அப்பால் இருந்தால், அந்தப் பயம் முழுக்க நியாயம். பிள்ளைக்குக் காது கேட்பதிலோ பார்வையிலோ குறை இருந்து, அதற்கேற்ற உதவி அங்கே இல்லையென்றால், வேறு பள்ளி தேடத்தான் வேண்டும். இப்படியொரு காரணம் உங்கள் தாளில் இருந்து, போய்ப் பார்த்த பிறகும் அது நின்றால், மனத்தில் உறுத்தல் இல்லாமல் வேறு பள்ளிக்குப் போங்கள். ஒரே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள்: இதே குறை ஊரில் மதிப்புள்ள ஒரு தனியார் பள்ளியில் இருந்தால் பொறுத்துக்கொள்வோமா? பொறுத்துக்கொள்வோம் என்றால் அது காரணமல்ல.

பணமும் தூரமும்

தனியார் பள்ளியைக் கணக்குப் போடும்போது கட்டணத்தை மட்டும் கூட்டாமல் வேன், சீருடை இரண்டு ஜோடி, ஷூ, புத்தகம், டியூஷன், ஆண்டு விழா உடை என்று ஒரு முழு ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். பிறகு பச்சைத் தேயிலை விலை விழுந்த ஒரு மாதத்தை நினைத்துப் பாருங்கள். சிறு விவசாயி வீட்டிலும் தோட்டத் தொழிலாளி வீட்டிலும் மூன்றாம் வகுப்பில் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளையை நடுவில் நிறுத்துவது, முதலிலேயே அரசுப் பள்ளியில் சேர்ப்பதைவிடப் பிள்ளைக்குப் பெரிய அடி. ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டண நிர்ணயக் குழு கட்டணம் நிர்ணயித்திருக்கும். அந்த உத்தரவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பாக்கி இருக்கிறதென்று மாற்றுச் சான்றிதழில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது.

தூரத்தை மணிக்கணக்கில் பாருங்கள். மலையில் கிலோமீட்டர் ஏமாற்றும். பனிமூட்டத்தில் ஆறே முக்கால் மணிக்கு வேன் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, பள்ளி சேரும்போதே துவண்டுபோகும் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரப் பயணத்தைத் தாங்கும் அளவுக்கு அந்தப் பள்ளியில் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று தாளில் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

தனியார் பள்ளிகளில் கட்டணமின்றிப் படிக்கக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கிய 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறைந்த நலிவடைந்த பிரிவினருக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் இது உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்துவிட்டது. நம் மலையில் பெயர்பெற்ற பள்ளிகளில் பல மிஷன் பள்ளிகள் என்பதால் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு இந்த இலவசம் முடிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. 25 சதவீத இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படிப்பவருக்கும் இது உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. உதவி பெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்றே நினைத்து ஆறாம் வகுப்பில் மாற்றிவிட்டு, பின்னால் வருந்தும் பெற்றோர் இருக்கிறார்கள். சலுகைக்காகப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, ஆனால் தெரியாமல் இழக்கவும் வேண்டியதில்லை.

தனியார் பள்ளி அலுவலகத்தில்

நான் என் மகளை அழைத்துக்கொண்டு ஒரு தனியார் பள்ளிக்கும் போனேன். விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்த அலுவலர், "லைன் வீடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்து அறைக்கு என்னை மட்டும் அனுப்பி, மகளிடம் ஆங்கிலத்தில் நான்கு கேள்வி கேட்டார்கள், அவள் பேசவில்லை. "உங்க குழந்தைக்கு இங்க கஷ்டமா இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தபோது, நான் தாளில் பணியர் பிள்ளைகளைப் பற்றி எழுதிய அந்த வரிதான் என் முன்னால் நின்றது. அந்த அலுவலரின் தாளில் அந்த வரியாக நான் இருந்தேன்.

சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய், பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். இது எனக்கு அன்று தெரியாது. உங்களுக்கு நடந்தால் நாளையும் நேரத்தையும் கேட்ட கேள்வியையும் அன்றே எழுதிவைத்து, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம்.

சேர்த்த பிறகு

பிள்ளையைச் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போங்கள். அங்கே பேசுபவர்கள் யார், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். என் மகளைச் சேர்த்த அரசுப் பள்ளியில் பணியர் குடியிருப்பிலிருந்து வந்த அம்மாக்கள் இரண்டு கூட்டங்களுக்கு வாய் திறக்கவில்லை. கூட்டத்தைப் பிற்பகலில் வைத்தால் அன்றைய கூலி போய்விடும் என்பதை மூன்றாவது கூட்டத்தில்தான் ஒருவர் சொன்னார். நேரத்தை மாற்றினோம். காலியாக இருந்த ஆசிரியர் இடத்துக்காக மனு எழுதியபோது அதிகக் கைநாட்டும் கையெழுத்தும் அவர்களிடமிருந்து வந்தன.

உறவினர்கள் கேட்பார்கள். "ஏம்மா, வசதி இருந்தும் ஏன் அங்க போட்டீங்க?" என்று என் நாத்தனார் கேட்டார், அவர் என் மகள் மேல் உள்ள பாசத்தில்தான் கேட்டார். அவரோடு வாதாடாமல், ஒரு நாள் காலையில் பள்ளிக்கு அழைத்துப் போய்த் தாழ்வாரத்தில் உட்காரவைத்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தம் பிள்ளைகளை மாற்றவும் இல்லை.

நான்காம் ஐந்தாம் வகுப்பு வாக்கில் பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, நாம என்ன ஆளுங்க?" என்று கேட்கும். பள்ளியில் யாரோ கேட்டிருப்பார்கள். அதட்டி அடக்காதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். சாதியின் பெயர் என்ன, அதை வைத்து யார் யாரை எங்கே உட்கார விடவில்லை, பாட்டியைக் குழாயடியில் என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதை அதன் வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். கேட்ட பிள்ளை யார் என்று விசாரித்து அந்தப் பிள்ளையோடு சேராதே என்று சொல்லிவிட வேண்டாம். ஆசிரியரே கேட்டிருந்தால் அது வேறு. மறுநாள் காலையிலேயே தலைமையாசிரியரைப் பார்க்க நீங்களே போங்கள், பிள்ளையை வெளியே விட்டுவிட்டுப் பேசுங்கள்.